தேயிலை பெக்டரியில் ஆறு மாதப் பயிற்சி: வெளிநாட்டு மாணவி விருந்தாளியாகவே இருந்துவிடாமல் என்ன செய்யலாம்?

கிள்ளான்_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியா. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படிக்கிறேன். பயிற்சிக்காகத் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டத்து பெக்டரியில் ஆறு மாதம் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதுவதைத் தவிர எனக்கென்று ஒரு வேலை கிடையாது. கொழுந்தை உருட்டி முறுக்கும் ரோலர் பக்கம் போனால் "மிஸ், உடுப்பு அழுக்காகும், அந்தப் பக்கம் நில்லுங்க" என்கிறார்கள். நானும் தமிழ்தான் பேசுகிறேன், ஆனாலும் சுற்றிப் பார்க்க வந்த ஆள் மாதிரியே இருக்கிறது.

இரண்டு கேள்வி. பெக்டரிக்கு உண்மையில் உதவக்கூடிய வேலை எது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது? ஆட்களோடு ஒட்டுவதற்கு இங்கே என்ன முறை?

பழைய_டீமேக்கர்

தங்கச்சி, வேலை தரமாட்டார்கள் என்பது ஆள் மேல் உள்ள வெறுப்பில்லை. பெக்டரியில் ஒவ்வொரு வேலைக்கும் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். புது ஆளிடம் ரோலரைக் கொடுத்து ஒரு பட்ச் கெட்டால் அதற்குத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இன்னொருவர் வேலையைக் கேட்காதீர்கள். செய்ய வேண்டியது என்று எல்லாருக்கும் தெரிந்தும் நேரமில்லாமல் விட்டுப்போன வேலையைக் கேளுங்கள். அப்படிப்பட்டது, பச்சைக் கொழுந்தைக் காற்றில் வாட்டி ஈரம் குறைக்கும் வாட்டும் மாடியில் நிறைய உண்டு.

முதலில் சுவரில் தொங்கும் ஈரமானியைப் பாருங்கள். இரண்டு குமிழில் ஒன்றுக்குத் திரி சுற்றியிருக்கும். பல இடங்களில் அந்தத் திரி காய்ந்து, தூசி பிடித்து, கறுத்துப் போயிருக்கும். திரி காய்ந்தால் ஈரக் குமிழும் உலர் குமிழும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். உடனே "காத்து ஈரமா இருக்கு" என்று சுடுகாற்றைத் திறந்துவிடுவார்கள். உண்மையில் காற்று நன்றாகவே இருந்திருக்கும். விறகு வீண், கொழுந்தின் ஓரமும் சிவக்கும். திரியை மாற்றிச் சுத்தமான தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து இரண்டையும் வாசித்து எழுதுங்கள். வித்தியாசம் 3°C அளவில் இருந்தால் வெறும் காற்றே போதும். அதைவிட நன்றாகக் குறைந்தால்தான் சுடுகாற்று கலக்க வேண்டும். டீமேக்கரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒருவரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்.

அடுத்தது வலைப்பை முறை. நைலோன் வலையில் பை தைத்து, ஒவ்வொன்றிலும் பச்சைக் கொழுந்து சரியாக 1 கிலோ போடுங்கள். ட்ரஃப்பில் (விசிறிக் காற்றில் கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டி) விசிறிப் பக்கம், நடு, கடைசி என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் அடி, நடு, மேல் என்று மூன்று உயரம், ஆக ஒன்பது பை. இரண்டு மணிக்கு ஒருதரம் எடுத்து நிறுத்து அதே இடத்தில் வையுங்கள். கொழுந்தில் ஈரம் 77% என்றால் 100 கிலோவில் உலர்பொருள் 23 கிலோ. 54% ஈரத்துக்கு வாட்டினால் 23 ஐ 0.46 ஆல் வகுக்க 50 கிலோ. அதாவது பை 500 கிராமுக்கு வந்தால் அந்த இடம் வாடிவிட்டது. ஒன்பது பையும் ஒரே நேரத்தில் 500க்கு வராது. எது பிந்துகிறது என்று பார்த்தால், எங்கே தடிப்பாகப் பரப்பியிருக்கிறார்கள், எங்கே காற்று கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

100 அடி நீளம், 6 அடி அகலமான ட்ரஃப் 600 சதுர அடி. சதுர அடிக்கு 2.5 கிலோ போட்டால் 1500 கிலோ. வாடி இறங்கும்போது 750 வர வேண்டும். 810 இறங்கினால் ஈரம் 57.4%. அந்தக் கொழுந்து ரோலரில் முறுகாது, சாறு வழியும், ரோலரிலிருந்து இறங்கும் தூள் தட்டையாக வரும். இந்த ஒரு எண்ணை ஒவ்வொரு ட்ரஃப்புக்கும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். சில நாளில் "மிஸ், ரெண்டாம் ட்ரஃப் எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். நீங்கள் வராத நாள் பலகை வெறுமையாக இருப்பது அவர்கள் கண்ணில் படவேண்டும். உங்களுக்கு அங்கே இடம் என்பது அதுதான்.

கையாலும் பழகுங்கள். வாடிய கொழுந்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கி உருண்டை பிடித்து விடுங்கள். பட்டென்று விரிந்தால் இன்னும் பச்சை. அப்படியே கட்டியாக நின்று மெதுவாக நெகிழ்ந்தால் சரி. காம்பை மடித்தால் முறியாமல் வளைய வேண்டும். மணம் பச்சைப்புல் வாசத்திலிருந்து பழ வாசத்துக்கு மாறியிருக்கும். வாட்டு மாடியில் வேலை செய்யும் அக்காமார் இதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். நிறுப்பதற்கு முன்னே அவர்களிடம் கேட்டு எழுதிவிட்டு, பிறகு நிறுத்துப் பாருங்கள். எண்ணும் கையும் ஒத்துப்போகும்போது அவர்களுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் படிப்பு.

ஒன்று மறக்காதீர்கள். கண்ணாடி வெப்பமானியைக் கையில் கொண்டு திரியாதீர்கள். உடைந்தால் முழுப் பட்ச்சும் குப்பை. உலோகக் கம்பி வைத்த டிஜிட்டல்தான் பாவிக்க வேண்டும்.

கொட்டகலை_ராஜி

டீமேக்கர் ஐயா சொன்னது வேலைப் பக்கம். இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் ஒருவரோடு யார் கதைப்பார்கள் என்பது அவர் எங்கே தங்குகிறார், எங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. பெரிய துரை (தோட்ட மேலாளர்) பங்களா, சின்ன துரை (உதவி மேலாளர்) பங்களா, ஸ்டாப் குவாட்டர்ஸ், லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று நாலு படி. வெளிநாட்டு மாணவியைக் கொண்டுவந்து பங்களா விருந்தினர் அறையில் விடுவது வழக்கம், பாதுகாப்பு என்று. ஆனால் அங்கே தங்கினால் லயத்து ஆட்கள் உங்களோடு துரையிடம் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்கள். முடிந்தால் ஸ்டாப் குவாட்டர்ஸில் குடும்பம் உள்ள வீட்டில் ஓர் அறை கேளுங்கள். வாடகையும் சாப்பாட்டுக் காசும் முதல் நாளே பேசி மாதம் முடிய முன்னே கொடுத்துவிடுங்கள். "பரவாயில்லை, வேணாம்" என்பார்கள். வற்புறுத்திக் கொடுக்க வேண்டும், அந்தக் குடும்பத்துக்கு அது செலவு.

தேத்தண்ணி நேரத்தில் ஒபீஸுக்குள் போகாதீர்கள். தேயிலையைத் தரம் பிரிக்கும் சோர்ட்டிங் அறை அக்காமார் வெளியே உட்காருகிற இடத்தில் போய் உட்காருங்கள். உங்கள் கோப்பையை நீங்களே கொண்டு போங்கள், கழுவவும் நீங்களே கழுவுங்கள். ரொட்டியும் சம்பலும் நீட்டினால் வாங்கிச் சாப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வயதுக்குத் தகுந்த மாதிரி அக்கா, அம்மா, அண்ணே, ஐயா. உங்களை "மிஸ்" என்பதை உடனே மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். நாளடைவில் தானாக "தங்கச்சி" ஆகும்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொண்டு போங்கள். மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் கட்டி வந்தது ஒரே கங்காணி முறைதான், அதனால் பேச நிறைய விஷயம் இருக்கும். ஆனால் "நாங்களும் நீங்களும் ஒன்றுதான்" என்று ஆரம்பிக்காதீர்கள். இங்கே 1948 குடியுரிமைச் சட்டத்தோடு லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள், அண்ணன் அங்கே தம்பி இங்கே என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003 சட்டத்தோடுதான் குடியுரிமைப் பிரச்சினை முடிந்தது. "நீங்க இந்தியாவில எந்த ஊர்?" என்று கேட்பது இங்கே பலருக்கு நோகும். அவர்கள் மலையகத் தமிழர். ஊர் கேட்டால் தோட்டத்துப் பெயரையும் டிவிசனையும் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிள்ளான்_மாணவி

இரண்டு பேருக்கும் நன்றி. திரி நீங்கள் சொன்ன மாதிரியே கல் போல இருந்தது. மாற்றியாயிற்று, இப்போது வித்தியாசம் காட்டுகிறது.

ஒரு சந்தேகம். மழை நாளில் கொழுந்து நனைந்தே வருகிறது. அப்போதும் 50% கணக்கையே பாவிக்கலாமா? இன்னொன்று, கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோ கழிக்கிறார்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் அதைப் பற்றி என்னிடம் குறை சொல்கிறார்கள். நான் இதை அளந்து பார்க்கலாமா?

பழைய_டீமேக்கர்

நல்ல கேள்வி. பெக்டரி தவறுவது இங்கேதான். தராசில் 1500 கிலோ, அதில் 150 கிலோ இலைமேல் நிற்கிற மழைத்தண்ணீர் என்று வையுங்கள். உண்மைக் கொழுந்து 1350, உலர்பொருள் 310.5 கிலோ. வழக்கப்படி 750 க்கு இறக்கினால் ஈரம் 58.6%. காகிதத்தில் 50% வாட்டு, கையில் பச்சை. 54% வேண்டுமென்றால் 675 கிலோ வரை போக வேண்டும். மழை நாள் தேயிலை ஏன் மங்கலாக வருகிறது என்று தேடுகிறவர்கள் ரோலரையும் டிரையரையும் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்.

மேல்தண்ணீரை அளப்பது சுலபம். சாக்கிலிருந்து கலந்து எடுத்த 1 கிலோ கொழுந்தை வலைப்பையில் போட்டு ஒரு நிமிடம் வேகமாகச் சுழற்றி, உலர்ந்த துணியில் பரப்பி ஒற்றி, மறுபடி நிறுங்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் இலைச்சாறும் போகும். 900 கிராம் வந்தால் மேல்தண்ணீர் 10%. ஒவ்வொரு லொறிக்கும் ஐந்து மாதிரி எடுத்துச் சராசரி பாருங்கள். நனைந்த கொழுந்துக்கு முதலில் வெறும் காற்றை முழு வேகத்தில் விட்டு மேல்தண்ணீரை ஓட்ட வேண்டும், தண்ணீர் போன பிறகே சுடுகாற்று. ஆரம்பத்திலேயே சூட்டைக் கொடுத்தால் கொழுந்து அவிந்துவிடும்.

மடுவத்துக்_கணக்கு

மடுவத்துக் கழிவைப் பற்றி நான் சொல்கிறேன். கூடையின் எடை, சாக்கின் எடை, தண்ணீர் என்று கழிப்பது பழைய வழக்கம். நாள் பேர் விழுவதற்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம் கிடைப்பதற்கு, இத்தனை கிலோ என்று அளவு இருக்கிறது. ஒருவர் 17 கிலோ கொண்டுவந்து, 2 கிலோ கழித்து 15 என்று எழுதினால் அது அரைப்பேரா முழுப்பேரா என்பதே மாறிப்போகலாம். ஆகவே இது வெறும் ஈரக் கணக்கில்லை, வீட்டு அடுப்புக் கணக்கு. தங்கச்சி இதை அளந்தால் இரண்டு பக்கமும் அந்தக் காகிதத்தைப் பிடித்து இழுக்கும். பயிற்சி முடிந்ததும் நீங்கள் போய்விடுவீர்கள். எண் தோட்டத்தில் நிற்கும். தொடவேண்டாம் என்பது என் கருத்து.

மஸ்கெலியா_மலை

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கண்ணால் பார்த்து "இன்னிக்கு ரெண்டு கிலோ" என்று கழிப்பதைவிட அளந்து கழிப்பது தொழிலாளிக்கும் நியாயம், தோட்டத்துக்கும் நியாயம். காலையில் பனி மட்டும் இருந்து பத்து மணிக்குக் காய்ந்துவிட்ட கொழுந்துக்கும், மத்தியானம் கொட்டுகிற மழையில் எடுத்த கொழுந்துக்கும் ஒரே கழிவு போடுவது எந்தக் கணக்கில் சேரும்? பயிற்சிக்கு வருகிற பிள்ளை ஒரு விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை. அளக்கக்கூட வேண்டாமென்றால் எதற்கு வந்தது?

மடுவத்துக்_கணக்கு

அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணே. எங்கே அளக்கிறது என்பதுதான் விஷயம். தனியாள் கூடையில் அளந்தால் அது அந்த ஆளின் சம்பளம். பெக்டரி வாசலில் லொறிக் கொழுந்தில் அளந்தால் அது வாட்டுக்கான தகவல்.

கொட்டகலை_ராஜி

மடுவத்துக் கணக்கு சொன்ன பிரிவு சரி, மஸ்கெலியா அண்ணன் கேட்கிற நியாயமும் சரி. முறை இப்படி இருக்கட்டும். லொறியில் எடுத்த எண்ணைத் தினமும் டீமேக்கருக்குக் கொடுங்கள். ஒரு மாத எண்ணும், அந்தந்த நாள் மழை நேரமும் சேர்ந்த பிறகு பெரிய துரையிடம் கொடுத்து, "இதைத் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்மாருக்கும் காட்டலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். அவர் சம்மதித்தால் துரை, கணக்கப்பிள்ளை, தலைவர் மூவரும் இருக்கும்போது காட்டுங்கள். நீங்களாக லயத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். யாராவது குறை சொன்னால் கேளுங்கள், ஆனால் "நான் சொல்லிச் சரிபண்ணுறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்த வாக்கை இந்த மக்கள் ரொம்பக் காலம் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஊவாக்காற்று

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து சில குறிப்பு.

பயிற்சியை எந்த மாதத்தில் வைப்பது என்பதை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. திம்புள்ள, நுவரெலியா பக்கம் நல்ல மணம் வருவது ஜனவரி முதல் மார்ச் வரை, காய்ந்த குளிர்காற்று அடிக்கும்போது. எங்கள் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஒரே தென்மேல் பருவக்காற்று அந்தப் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் காய்ந்து வருகிறது. ஆறு மாதம் என்றால் ஒரு மழைக்காலமும் ஒரு மணக்காலமும் பார்க்கிற மாதிரிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் ஒரே இயந்திரம் ஏன் இரண்டு விதத் தேயிலை தருகிறது என்பது புரியும்.

முறுக்கிய கொழுந்து காற்றுப் பட்டுச் சிவக்கும் நொதிப்பு நேரத்தைப் பல ரிப்போர்ட்டுகளில் பிழையாகப் பார்க்கிறேன். மேசையில் தூளைப் பரப்பிய நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். முதல் ரோலர் சுற்ற ஆரம்பித்த நிமிடத்திலேயே இலையின் கலம் உடைந்து வேலை தொடங்கிவிடும். அங்கிருந்து டிரையர் வாய்க்குப் போகும் வரை எண்ண வேண்டும். ஒவ்வொரு தூளுக்கும் ஓர் அட்டை, அதில் ரோலர் தொடங்கிய நேரம் எழுதித் தட்டிலேயே வையுங்கள். தூளின் சூடு 35°C ஐத் தாண்டினால் நிறம் வரும், மணம் போகும். ரோலிங் அறை ஈரப்பதம் 90% க்குக் கீழே போனால் தூளின் மேல்பக்கம் காய்ந்து கறுக்கும்.

டிரையரில் இரண்டு சூட்டையும் எழுதுங்கள். உள்ளே போகும் காற்று 90-95°C, வெளியே வருவது 50-55°C, தட்டில் இருக்கிற நேரம் 20 நிமிடம் அளவு, இறங்கும்போது ஈரம் 3%. வெளிக்காற்றுச் சூடு விழுந்தால் தூள் டிரையருக்குள் அவிகிறது என்று அர்த்தம், அதிகமாக ஊட்டிவிட்டார்கள். உள் சூடு எகிறினால் மேலே பொருக்குத் தட்டி உள்ளே ஈரம் நிற்கும். பெட்டியில் போன பிறகு பூஞ்சணம் அங்கிருந்துதான்.

சுவைக்கும்போது எப்போதும் ஒரே முறை. ஐஎஸ்ஓ 3103 படி 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். டீமேக்கரின் வழக்கம் வேறாக இருந்தால் அவர் வழக்கத்திலும் ஒன்று போட்டு இரண்டையும் அருகருகே வையுங்கள், அவரைத் திருத்தப் போகாதீர்கள்.

சிங்களமும் கொஞ்சம் வேண்டும் தங்கச்சி. டிரையர்க்காரர், மெக்கானிக், லொறி ட்ரைவர், விறகு கொண்டுவருகிறவர் பலர் சிங்களவர். எண்கள், நேரம், "நிறுத்துங்கள்", "சூடு", "கவனம்" இவை முதல் வாரத்திலேயே வாயில் வந்துவிட வேண்டும். பெக்டரியில் பாதிப் பேரோடு கதைக்க முடியாமல் மற்றப் பாதியோடு மட்டும் ஒட்டினால் நீங்கள் ஒரு பக்கத்து ஆளாகிவிடுவீர்கள்.

கெம்பஸ்_இணைப்பாளர்

காகித வேலையை யாரும் எழுதவில்லை, அதனால் நான். வதிவிட விசா முடியும் திகதிக்கும் பயிற்சி முடியும் திகதிக்கும் இடையில் குறைந்தது இரண்டு மாத இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். நீடிக்க வேண்டுமென்றால் பீடத்தின் கடிதம், கடவுச்சீட்டு, பயிற்சி பாடநெறியின் கட்டாயப் பகுதி என்று காட்டும் கடிதம், மூன்றையும் மலைநாட்டுக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு கையெழுத்துக்காகத் தோட்டத்திலிருந்து பேராதனைக்கு இறங்குவது சின்ன வேலையில்லை.

தோட்டக் கம்பனியோடு கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: விபத்துக் காப்பீடு யாருடையது, எந்தத் தரவை ரிப்போர்ட்டில் போடலாம், இரவு வேலைக்கு யார் பொறுப்பு. விலை, விற்பனைச் சராசரி, வாங்குபவர் பெயர் போடக்கூடாது என்று பெரும்பாலும் சொல்வார்கள். ஈரம், சூடு, நேரம் போடலாம் என்பார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ரிப்போர்ட்டைக் கிழித்து எழுதவைத்த கதை இல்லாமல் போகும்.

இரவு முக்கியம். நேற்று வந்த கொழுந்து 12 முதல் 16 மணி நேரம் வாடி, விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு ரோலருக்குப் போகும். அதைப் பார்க்காமல் பயிற்சி முழுமையாகாது. ஆனால் பெண் பிள்ளை தனியாக அந்த இருட்டில் குவாட்டர்ஸிலிருந்து நடக்கக் கூடாது. காவலாளியோ ஸ்டாப் ஒருவரோ கூட வர வேண்டும், அதை மேலதிகாரி முதல் நாள் மாலையே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ரோலர், ரோட்டர்வேன் (இலையை நசுக்கி வெட்டும் இயந்திரம்) அருகே துப்பட்டா, நீள முடி, வளையல், தொங்கும் அடையாள அட்டை எதுவும் கூடாது. அடைத்துக்கொண்டால் கையை விடாதீர்கள், மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டிய பிறகு மெக்கானிக்தான் தொட வேண்டும். சோர்ட்டிங் அறையில் முகக்கவசம், தேயிலையின் பஞ்சுத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயாராக இருப்பது, சிவப்பு என்றால் வெளியேறுவது. நீங்கள் தங்கும் வீடு வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று போன அன்றைக்கே பாருங்கள்.

கோவை_வேளாண்

நான் தமிழ்நாட்டு மாணவன். ஒரு மாதம் சுற்றுலா விசாவில் வந்து இப்படி ஒரு பெக்டரியில் பயிற்சி எடுக்க முடியுமா?

கெம்பஸ்_இணைப்பாளர்

முடியாது தம்பி. சுற்றுலா விசாவில் சம்பளம் உள்ள வேலை, இல்லாத வேலை இரண்டுக்கும் தடை. உங்கள் பல்கலைக்கழகம் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு கடிதம் மூலம் பேசி, அவர்கள் வழியாக உரிய விசா எடுப்பதுதான் வழி. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பு உண்டு, அங்கே கேட்டுப் பாருங்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 இலிருந்து இயங்குகிறது, அங்கும் உங்கள் துறைத் தலைவர் கடிதத்தோடு விசாரிக்கலாம்.

கிள்ளான்_மாணவி

பலகையில் எண் எழுதுகிறேன், கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். லொறிக் கொழுந்தில் மேல்தண்ணீரும் அளக்கிறேன். இனி ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பு வேண்டும். மேற்பார்வையாளர் "மின்சாரம்" என்கிறார். எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. இன்னொன்று, தோட்டத்துக் கோவில் திருவிழா வருகிறது, வரச் சொல்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

பழைய_டீமேக்கர்

மின்சாரம் பெரிதில்லை, உங்கள் கையில் பாதி இருக்கிறது. பெக்டரி மின்கட்டணத்தில் பெரும் பங்கு வாட்டும் விசிறிக்குத்தான் போகிறது, இரவு முழுக்க ஓடுவது அது. விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். வேகத்தை 80% ஆக்கினால் 0.8 × 0.8 × 0.8, அதாவது 51% மின்சாரம் போதும். மேல்தண்ணீர் போன பிறகு முழு வேகம் தேவையில்லை. உங்கள் வலைப்பைகள் எந்த மணியில் எவ்வளவு இறங்குகின்றன என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? விசிறிக்கு வேகமாற்றி பொருத்திய ட்ரஃப் ஒன்று இருந்தால் அதில் கடைசி ஆறு மணி நேரம் வேகத்தைக் குறைத்து, பக்கத்து ட்ரஃப்பில் வழக்கம்போல் விட்டு, ஒரே மலைக் கொழுந்தை இரண்டிலும் போட்டு ஒப்பிடுங்கள். வேகமாற்றி இல்லாவிட்டால் விசிறியை இடையிடையே நிறுத்தி ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் நிறுத்தும் நேரம் 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொழுந்து தன் சூட்டிலேயே சிவக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு நாளும் அந்தக் கொழுந்தின் தேயிலையைத் தனியாக எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். மின்சாரம் மிச்சப்பட்டு மணம் போனால் அது மிச்சமே இல்லை.

கொட்டகலை_ராஜி

திருவிழாவுக்குக் கட்டாயம் போங்கள். தோட்டத்தில் கோவிலுக்கு வீட்டுக்கு வீடு வரி உண்டு, கமிட்டித் தலைவரிடம் உங்கள் பங்கைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எல்லாருக்கும் உள்ள வரி எவ்வளவோ அவ்வளவு மட்டும். அதிகம் கொடுத்தால் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவீர்கள். முதல் நாள் பொங்கல் பாத்திரம் கழுவ, தேங்காய் துருவ, பூக்கட்ட ஆள் தேவைப்படும். அங்கே போய் உட்காருங்கள். மாசி மாதத்தில் இருந்தால் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து பார்க்கக் கிடைக்கும். அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றியதிலிருந்து நடக்கும், கம்பம் ஊன்றிய இடத்தில் செருப்போடு போகக் கூடாது.

போன் கமராவைப் பையிலேயே வையுங்கள். கொழுந்து எடுக்கிறவர்களை வீதியில் நின்று படம் பிடிக்கிறவர்களை அவர்கள் வருஷம் முழுக்கப் பார்க்கிறார்கள். யாராவது "எங்கள ஒரு போட்டோ எடு தங்கச்சி" என்று கேட்டால் எடுத்து, டவுனில் பிரிண்ட் போட்டு, கையில் கொடுங்கள். இணையத்தில் போடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் அடைந்து கிடக்காதீர்கள். சாதாரண தரப் பரீட்சை (பதினோராம் வகுப்பு) எழுதுகிற பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் சொல்லிக்கொடுக்க ஆள் பஞ்சம். வாசிகசாலையிலோ கோவில் மண்டபத்திலோ இரண்டு மணி நேரம் போதும். ஆனால் ஆறு மாதமும் தவறாமல் நடத்த முடியும் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள். மூன்று வாரம் நடத்திவிட்டு நிற்கிற வகுப்புகள் அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போய்விட்டன.

மஸ்கெலியா_மலை

மேல்தண்ணீர் எண்ணை மறந்துவிடாதீர்கள் தங்கச்சி. ராஜி அக்கா சொன்ன மாதிரியே முறையாகக் கொடுங்கள், ஆனால் கொடுங்கள்.

பழைய_டீமேக்கர்

போகும் முன் கடைசி மாதத்தைக் கைமாற்றத்துக்கு ஒதுக்குங்கள். ரிப்போர்ட் கெம்பஸுக்குப் போகும், பெக்டரியில் ஒருவரும் அதைத் திறக்கமாட்டார்கள். பெக்டரிக்கு வேண்டியது ஒரே ஒரு தாள், தமிழிலும் சிங்களத்திலும், பிளாஸ்டிக் உறை போட்டு வாட்டு மாடிச் சுவரில். அதில் மேல்தண்ணீர் 0%, 5%, 10%, 15% என்றால் 1500 கிலோ எத்தனை கிலோவுக்கு இறங்க வேண்டும் என்ற அட்டவணை: 750, 712, 675, 637. கீழே திரி மாற்றும் நாள். வாட்டு மாடியில் ஓர் அக்காவையோ அண்ணனையோ இப்போதே பிடித்து, வலைப்பை நிறுப்பதையும் பலகை எழுதுவதையும் அவர் கையால் செய்யவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவர் பெயரை ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தராசின் பெட்டரி எந்த அளவு, டவுனில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். பெட்டரி முடிந்த அன்றைக்கு நின்றுபோன அளவீடுகள் மலைநாட்டு பெக்டரிகளில் நிறைய.